ஊழியர் ஒப்புக்கொண்டார்

மார்ச் 3, செவ்வாய்

இன்று நானூற்றிருபது விசிறியின் சத்தம் கேட்டேன். சரியில்லை என்று மிதித்துத் தள்ளியது ஆறு. நல்ல நாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டரை மணி இருக்கும், கண்ணைத் திறந்தால் சூப்பர்வைசர் எதிரில் நிற்கிறார். எப்போது வந்தாரோ தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு, ரயிலுக்குக் காத்திருப்பவர் மாதிரி. "என்னம்மா, தூக்கமா?" என்றார். பதினாறு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டுதான் இந்த வேலையைச் செய்கிறேன். இவர் இந்தப் பிரிவுக்கு வந்து எட்டு மாதம். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆமா சார், நல்ல தூக்கம். கனவுகூட வந்துச்சு. கனவுல நீங்கதான் வந்தீங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கைபேசியில் மணி பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்த மனிதருக்குச் சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மார்ச் 5, வியாழன்

மெமோ கொடுத்துவிட்டார்கள். பதினாறு வருஷத்தில் முதல் மெமோ.

அதில் இருப்பதை அப்படியே எழுதி வைக்கிறேன்: "மூன்றாம் தேதி பிற்பகல் 2.19 முதல் 2.30 வரை, பதினோரு நிமிடம், பணிநேரத்தில் ஊழியர் உறங்கியது கேமராப் பதிவில் தெரியவருகிறது. நேரில் கேட்டபோது, தாம் நன்றாக உறங்கியதாகவும் கனவு கண்டதாகவும் ஊழியர் ஒப்புக்கொண்டார். குற்றம் நிரூபணமானால் பணிநீக்கம் வரை நடவடிக்கை எடுக்கப்படும்."

ஒப்புக்கொண்டார்!

நாலு தடவை படித்துவிட்டேன். வேடிக்கை என்னவென்றால், இதில் பொய் என்று ஒரு வார்த்தையைக்கூடக் காட்ட முடியவில்லை. நான் சொன்னதுதான். சொன்ன தொனியை மட்டும் கழற்றிவிட்டார்கள். எழுத்தில் தொனியை எங்கே வைப்பது? ஓரத்தில் "இது நக்கல்" என்று குறித்தா வைக்க முடியும்? இன்னொன்று: கனவில் வந்தது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டார். அதை ஏன் விட்டார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். இவர் காலுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல" என்றார். அடுத்த காலுறையையும் கழற்றிவிட்டு, "வேலை போயிடுமா?" என்றார்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. வேறு தொழில் எதுவும் எனக்குத் தெரியாது. காதைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டு வாசலில் போய் வேலை கேட்பேன்?

மார்ச் 6, வெள்ளி

விசாரணை முடியும்வரை நான் உட்காரும் சத்த அறைக்குப் போகக்கூடாதாம். பேக்கிங்கில் போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க அட்டைப்பெட்டி மடித்தேன். கை மட்டும் வேலை செய்தது, காது சும்மா இருந்தது. சும்மா இருக்கும் காது கண்டதையும் கேட்கிறது. பக்கத்து மேஜைப் பெண்ணுக்கு மாமியாரோடு என்ன சண்டை என்பது எனக்கு இப்போது முழுசாகத் தெரியும்.

தொழிற்சங்கச் செயலாளர் தேநீர் இடைவேளையில் வந்தார். என்னைவிட ஆறேழு வயது சின்னவர், சட்டம் படித்தவர். "அக்கா, விளக்கக் கடிதத்துல ஒரே வரிதான். 'நான் தூங்கவில்லை'. அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடாது. உங்களுக்கு வாயாலதான் வினை" என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டில் வந்து நாலு பக்கம் எழுதினேன். எழுதாமல் எப்படி? தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வரப்போகும் மேடத்துக்கு என் வேலை என்னவென்று எப்படித் தெரியும்? கடிதத்திலிருந்து கொஞ்சம்:

"மேஜை விசிறிகள் பெல்ட்டில் ஓடியபடி ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். அதன் சத்தத்தைக் கேட்பதுதான் என் வேலை. உள்ளே ஏதாவது உரசினால், தட்டினால், காலடியில் இருக்கும் மிதியை அழுத்துவேன். விசிறி பெல்ட்டிலிருந்து விலகிவிடும். நல்ல விசிறி என்றால் நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அது தானாகப் போய்விடும். ஆகவே நான் அசையாமல் இருக்கிறேன் என்றால் விசிறிகள் நன்றாக இருக்கின்றன என்று பொருள். கண்ணைத் திறந்து வைத்தால் இறக்கை சுற்றுவதைப் பார்க்கத் தோன்றும், காது பாதி கேட்கும். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரும் கண்ணை மூடித்தான் கேட்டார்."

வாசித்துக் காட்டினேன். இவர், "நல்லாத்தான் இருக்கு. ஆனா தூங்கலைன்னு எங்கயும் எழுதலையே" என்றார்.

உண்மைதான். நாலு பக்கத்தில் அந்த ஒரு வரியை விட்டிருக்கிறேன். கடைசியில் சேர்த்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஏன் விட்டேன்?

காலையிலிருந்து அதையேதான் யோசிக்கிறேன். சத்தியமாக நான் தூங்கவில்லை. ஆனால் சூப்பர்வைசர் வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பஞ்சு வைத்த கதவு, சத்தம் வராது, அது சரி. அவர் காலில் ஷூ போட்டிருந்தார். அதுவுமா கேட்காது?

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று மதியம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரில் மேஜை விசிறியை ஓடவிட்டேன். "நான் தூங்குறேனான்னு பார்த்துக்கிட்டே இருங்க" என்று இவரிடம் சொன்னேன். அரை மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தால் இவர் சோபாவில் வாய் திறந்து கிடக்கிறார். நல்ல காவல்.

பிறகு மகள் உட்கார்ந்தாள், கைபேசியில் படம் பிடித்தபடி. முடித்ததும், "அம்மா, நடுவுல நான் என்ன கேட்டேன், ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"நீ ஒண்ணும் கேக்கலையே."

படத்தைப் போட்டுக் காட்டினாள். மூன்று தடவை "அம்மா, தூங்கிட்டியா?" என்று கேட்கிறாள். மூன்று தடவையும் நான் "இல்ல" என்கிறேன். தெளிவாக, கொஞ்சம் கோபமாக. மூன்றாவது "இல்ல"வுக்கு முன்னாலும் பின்னாலும் குறட்டை.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது.

மார்ச் 9, திங்கள்

தூங்குகிறவள் தூங்கவில்லை என்றுதான் சொல்வாள் என்றால், என் கடிதத்தின் கடைசி வரிக்கு என்ன மதிப்பு?

மார்ச் 13, வெள்ளி

பெட்டி மடித்துக்கொண்டே எண்ணிப் பார்த்தேன். கண் அசந்தேன். கண்ணை இழுத்தது. சொக்கிவிட்டது. தூங்கி வழிந்தேன். கோழித்தூக்கம் போட்டேன். அசந்து தூங்கினேன். அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். இத்தனைக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது? மெமோவில் "உறங்கியது" என்று இருக்கிறது. எங்கள் தொழிற்சாலையில் உறங்கியவர் ஒருவரும் கிடையாது. எல்லாரும் கொஞ்சம் கண் அசருவார்கள், அவ்வளவுதான்.

செயலாளரிடம் கேட்டேன். "கண் அசந்தேன்னு சொன்னா என்ன தண்டனை?"

"அக்கா, தயவுசெய்து இந்த ஆராய்ச்சியை உள்ள வந்து பண்ணாதீங்க."

மார்ச் 17, செவ்வாய்

முதல் விசாரணை. கூட்ட அறையில் நீள மேஜை. அந்தப் பக்கம் மேடம், கழுத்தில் தொங்கும் கண்ணாடி. இந்தப் பக்கம் நானும் செயலாளரும். ஓரத்தில் சூப்பர்வைசர், கையில் கோப்பு, அன்றைக்குப் போட்டிருந்த அதே ஷூ.

முதலில் கனவு விவகாரம். நான் நடந்ததைச் சொன்னேன். மேடம் அவரைப் பார்த்து, "கனவுல நீங்க வந்தீங்கன்னு சொன்னாங்களா?" என்றார்.

"சொன்னாங்க மேடம்."

"அதை ஏன் எழுதல?"

அவர் காது சிவந்துவிட்டது. "அது... என்னைப் பத்தினது, தேவையில்லைன்னு நினைச்சேன். எனக்குக் கேலி சட்டுனு பிடிபடாதுங்க மேடம். வீட்லயும் இதே பிரச்சினைதான். அவங்க சொன்னாங்க, நான் எழுதினேன்."

மேடம் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. எனக்கு அந்த மனிதர் மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

அப்புறம் கேமராப் படம். என்னை நான் மேலேயிருந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. வகிடு இவ்வளவு அகலமாகிவிட்டதா? அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பார்க்கிறவர் தூக்கம் என்றுதான் சொல்வார். நானே சொல்வேன்.

அப்போதுதான் கையைக் கவனித்தேன். இடது கை மடியில் இருக்கிறது. கட்டைவிரல் மெல்ல நகர்கிறது. சுண்டுவிரலின் அடிக்கணு, அடுத்த கணு, மேல் கணு, பிறகு மோதிரவிரல்.

"மேடம், நிறுத்துங்க. என் கட்டைவிரலைப் பாருங்க" என்றேன். பன்னிரண்டு விசிறி ஒரு கட்டு. நாலு விரலில் பன்னிரண்டு கணு. ஒரு விசிறி போனால் ஒரு கணு நகர்த்துவேன். நினைத்துச் செய்வதில்லை, பழக்கம். பெல்ட் நகரும் நேரமும் விரல் நகரும் நேரமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். பின்னால் ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றாகத்தான் இருந்தது. "தூங்குறவங்க எண்ண முடியாதே" என்று மேடம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். செயலாளர் மேஜைக்கு அடியில் என் கையைத் தட்டினார். படத்தை நிறுத்திவிட்டார்கள்.

திரையில் நான் அப்படியே உறைந்திருந்தேன். ஆனால் படம் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே விரல் நின்றுவிட்டது. நடுவிரலின் இரண்டாவது கணு. எட்டு. பெல்ட் நகர்ந்தது, விரல் நகரவில்லை. வேறு யாரும் கவனிக்கவில்லை.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று மேடம் கேட்டார்.

"இல்ல" என்றேன்.

மார்ச் 18, புதன்

பதினோரு நிமிடத்தில் விரல் எண்ணியது எட்டு. ஒன்பது, பத்து, பதினொன்று. இந்த மூன்று விசிறிகளும் எங்கே?

மதியம் ஸ்டோர்காரரிடம் போனேன். அவரும் நானும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். தேதியையும் நேரத்தையும் சொன்னேன். பேரேட்டைப் புரட்டி வரிசை எண் எடுத்தார். "இங்கதான் கிடக்குது, அந்த ஆர்டர் இன்னும் லாரி ஏறல. என்னத்துக்கு?" என்றார்.

"கேட்டுப் பாக்கணும்."

"பெட்டியைப் பிரிக்க எழுத்துல வேணும். யாரைக் கேப்பே?"

யாரைக் கேட்பேன்? மேடத்தைத்தான் கேட்க வேண்டும்.

மார்ச் 20, வெள்ளி

செயலாளருக்கு என் மேல் சரியான கோபம். "ஜெயிச்சாச்சுக்கா. அடுத்த செவ்வாய் வந்து கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. எதுக்குக் கிளறுறீங்க?"

"எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு?"

விரல் நின்றதற்கு வேறு காரணம் இருக்கலாம். கை மரத்துப் போயிருக்கலாம். மூன்றும் நல்ல விசிறிகளாக இருந்தால் நான் விழித்திருந்தேன் என்று நிம்மதியாக இருக்கலாம். அவை நன்றாகத்தான் இருக்கும் என்று முக்கால்வாசி நம்புகிறேன். மிச்சக் கால்வாசிதான் சோறு இறங்கவிடாமல் செய்கிறது.

இவரிடம் கேட்டேன். வண்டிச் சாவியை விரலில் சுற்றியபடி யோசித்தார். "நீ எப்படியும் கேக்கத்தான் போறே. எங்கிட்ட எதுக்குக் கேக்குறே?" என்றார்.

விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை ஒரே வரி.

மார்ச் 24, செவ்வாய்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

சத்த அறையிலேயே வைத்தார்கள். ஆறு விசிறி: என்னுடைய மூன்று, வேறு நாளில் வந்த மூன்று. எது எது என்று ஸ்டோர்காரருக்கு மட்டும்தான் தெரியும். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மேடம், செயலாளர், சூப்பர்வைசர் மூவரும் சுவரோரம் நின்றார்கள். மூன்று வாரம் கழித்து அந்த நாற்காலி. உட்கார்ந்ததும் இடது கை தானாக மடிக்குப் போனது. இந்த இடம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

முதல் விசிறி நன்றாக இருந்தது. இரண்டு, மூன்று, நான்கும் அப்படியே. எனக்குள் மெல்ல ஒரு தெம்பு வந்தது. ஐந்தாவது ஓடியது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, அரிசியில் ஒரே ஒரு கல் மாதிரி, அடியில் ஒரு டிக். கொஞ்ச நேரம் இல்லை. மறுபடி டிக்.

நான் கையைத் தூக்கியிருக்கிறேன். யோசித்துத் தூக்கவில்லை.

"அக்கா, நல்லாக் கேட்டுச் சொல்லுங்க" என்றார் செயலாளர். அவர் குரலில் இருந்தது கெஞ்சல்.

"பேரிங்ல தட்டுது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் மேடம். சூப்பர்வைசரும் தலையை ஆட்டினார், அவருக்கும் இல்லை. விசிறிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் கேட்கவில்லை. நான் "பிரமை" என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். அந்த நினைப்பு வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் கேட்கிறதே! கேட்கிறதைக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? பதினாறு வருஷம் அதற்குத்தானே அங்கே உட்கார்ந்தேன்?

மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னார்கள். பேரிங்கில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு. ஸ்டோர்காரர் சீட்டைப் பிரித்துப் படித்தார். ஐந்தாவது, அன்றைக்கு வந்த பத்தாவது விசிறி.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ இதை அன்னைக்கு எப்படி விட்டீங்க?"

"விரல் எட்டுலயே நின்னிருச்சு மேடம். படத்துல இருக்கு, நான்தான் போன தடவை சொல்லல. எட்டு நிமிஷம் முழிச்சிருந்தேன். அப்புறம் தூங்கியிருக்கேன். இதை எழுதிக்கோங்க, இது கேலி இல்ல."

செயலாளர் கோப்பை மூடிவிட்டார். வாசலில், "உங்களுக்கு எதிரா நான் வாதாடியிருந்தாக்கூட இவ்வளவு சுத்தமா முடிச்சிருக்க மாட்டேன்" என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். "அது நிஜமாவே கேட்டுச்சாக்கா?"

மார்ச் 29, ஞாயிறு

ஒன்றும் வரவில்லை. மகள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து படிக்கிறாள். யாரும் என்னைத் தூங்கிட்டியா என்று கேட்பதில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. "பதினோரு நிமிடம்" என்பது "சுமார் மூன்று நிமிடம்" என்று ஆகியிருக்கிறது. கனவு பற்றிய வாக்கியம் நீக்கப்பட்டது. குற்றச்சாட்டு பகுதியளவு நிரூபணம். எழுத்துப்பூர்வ எச்சரிக்கை. திங்கட்கிழமை முதல் பழைய இடம்.

வாங்கிக்கொண்டு கழிப்பறையில் போய் அழுதேன். அவமானமா, சந்தோஷமா என்று பார்த்தேன். இரண்டும் இருந்தது.

எனக்குப் பதிலாக உட்கார்ந்த ஆள் ஒரு நாளைக்கு நாற்பது விசிறி தள்ளினாராம். பயத்தில் எல்லாமே சத்தமாகக் கேட்டிருக்கும், பாவம்.

ஏப்ரல் 6, திங்கள்

நானூற்றுப் பத்து விசிறி. தள்ளியது ஐந்து. மதியத்துக்கு மேல் கணக்கு எட்டைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் விரலை அழுத்திக் கிள்ளிக்கொண்டேன்.

மூன்று மணிக்குச் சூப்பர்வைசர் வந்தார். இந்தத் தடவை கதவைத் தட்டிவிட்டு வந்தார். கையில் அந்தப் பத்தாவது விசிறி, பழைய பேரிங்கையே திரும்பப் போட்டுப் பூட்டியிருந்தார். "அஞ்சு நிமிஷம் பெல்ட்டை நிறுத்தச் சொல்லியிருக்கேன். வீட்லகூட அதையே யோசிச்சுக்கிட்டு இருந்தேன். அது எப்படிங்க உங்களுக்குக் கேக்குது?" என்றார்.

கேலி இல்லை. அவருக்குத்தான் அது வராதே.

என் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். விசிறியை ஓடவிட்டேன். "கண்ணை மூடுங்க சார். விசிறி ஓடுற சத்தத்தைக் கேக்காதீங்க, அதை விட்டுடுங்க. அதுக்கு அடியில பாருங்க" என்றேன்.

மூடினார். நான் எதிரில் நின்றேன், கையைக் கட்டிக்கொண்டு. முதலில் நெற்றி சுருங்கியிருந்தது, பிறகு மெல்ல விரிந்தது. தலை இடது பக்கம் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. மூச்சு நீளமாக வந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். கை மடியில் கிடந்தது, ஒரு விரல்கூட அசையவில்லை.

"சார்" என்றேன். பதில் இல்லை. சரிதான், போய்விட்டார் என்று நினைத்தேன். எழுப்பலாமா, அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வரலாமா என்றுகூட யோசித்தேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார். "பேசாதீங்க. இப்பதான் வருது."

அவருக்குக் கேட்டுவிட்டது. எனக்கு அதைவிட அவர் முகம்தான் மனசில் நிற்கிறது. அப்படியே தூங்குகிற முகம். நானாக இருந்தாலும் மெமோ எழுதிக் கொடுத்திருப்பேன்.